வாங்காத பார்லி

பண்ணை வரைபடத்தில் அந்த எண்பது ஹெக்டேரைப்
பென்சிலால் கட்டம் போட்டுக் கறுப்பாக்கியிருந்தார் லெய்ட்டன்.
விதைக்கிற மெஷின் அதன் விளிம்பு வரை போய்த்
திரும்பிவிடும்,
தெருமுனையில் கடன்காரனைக் கண்டவன் மாதிரி.
வரி மட்டும் வருஷம் தவறாமல் கட்டினோம்.
கணக்கு எழுதுகிறவள் நான்.
எனக்கு அந்தக் கறுப்பு உறுத்தியது.

லெய்ட்டனின் அப்பா காடழித்த இடம் அது.
இரண்டு டிராக்டர், நடுவே ஒரு கப்பல் சங்கிலி,
ஒரே கோடையில் அத்தனை மரமும் படுத்தது.
அழிக்காவிட்டால் நிலம் திரும்பப் போய்விடும் என்று
அன்றைக்கு அரசாங்கத்தின் காகிதம் சொன்னது.
மரம் குடித்த மழையைக் கோதுமையால் குடித்து முடிக்க முடியவில்லை.
மிச்சம் கீழே இறங்கி
உறங்கிய உப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு
நாற்பது வருஷம் நடந்து மேலே வந்தது.
ஆகஸ்டில் சேறு. ஜனவரியில் பொருக்கு.
செத்த யூகலிப்டஸ்கள் நின்றபடியே நிற்க
அவற்றின் மேல் காலா கிளிகள்
இளஞ்சிவப்பாகச் சண்டை போட்டன.

உப்புக்குப் பெறாத நிலம் என்றார் மெர்வ் ட்ரெலோர்,
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று.
உப்பைத் தவிர அதில் வேறொன்றுமில்லை,
அதை எவனும் வாங்கவும் மாட்டான் என்றேன்.

மீன்பிடிப் படகை விற்றேன்.
லெய்ட்டன் ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை.
பத்தாம் நாள் நாற்று நடும் வண்டியின் பின்னால்
எனக்கு எதிர் இருக்கையில் வந்து உட்கார்ந்தார்,
தட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டு.
ஐம்பத்தாறாயிரம் உப்புப்புதர் நாற்றுகள்,
சாம்பல் பூத்த இலை, நாக்கில் வைத்தால் கரிக்கும்.
வரிசைகளுக்கு நடுவே புக்சினெல்லியா புல்.
வெறும் புதரைத் தின்றால் ஆடு இளைக்கும்,
புல்லும் கூட வேண்டும்.
கங்காருகளுக்கு இதை யாரும் விளக்கவில்லை.
நடுப்பள்ளத்தில் பதினொரு வரிசை
தண்ணீர் தேங்கி அழுகிப்போனது.
அங்கே இன்றும் ஒன்றும் இல்லை.

மூன்றாம் வருஷம் ஏப்ரல் வந்தது, மழை வரவில்லை.
அறுவடைத் தாள் தீர்ந்தது.
மெர்வ் வீட்டுக்குத் தீவன லாரி
இரவிலும் போய்க்கொண்டிருந்தது.
நான் கதவைத் திறந்துவிட்டேன்.
அறுநூறு ஆடுகள் நுழைந்து, முகர்ந்து,
திரும்பிவந்து கதவருகே நின்று என்னைப் பார்த்தன.
இரண்டு நாள் அப்படியே.
மூன்றாம் நாள் காது கிழிந்த கிழட்டுப் பெட்டை ஒன்று
ஒரு கிளையை வளைத்துக் கடித்தது.
அன்று இரவு முழுக்கத் தொட்டி மோட்டார் ஓய்வதேயில்லை;
உப்புத் தின்றால் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்.
எட்டு வாரம் தாக்குப்பிடித்தது.

வருஷக் கணக்கில் ஒரு வரி எழுதினேன்:
வாங்காத பார்லி, பத்தொன்பது டன்.
வங்கியிலிருந்து வந்த ப்ரியோனி
அந்த வரியில் விரலை வைத்து நிறுத்தினாள்.
"நடக்காத செலவை வரவில் எழுதுவது வழக்கமில்லை, மிஸஸ் பாஸ்கோ."
நல்ல பெண். பளபளக்கும் ஷூவில் பொருக்கு ஒட்டியிருந்தது.
சொன்னேன்:
இந்த நிலத்தைக் கெடுத்ததும் நடக்காத ஒன்றுதான்.
மரங்கள் குடிக்காத தண்ணீர்.
அதற்கு எந்தப் பத்தியும் இல்லாமலே
இத்தனை வருஷம் நஷ்டம் எழுதியிருக்கிறேன்.
அவள் அந்த வரியை அடிக்கவில்லை,
சேர்க்கவுமில்லை. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

மாதம் ஒருமுறை லெய்ட்டன்
ஆழ்குழாயில் அளவு நாடாவை இறக்குகிறார்.
நுனியில் கிண்ணி மாதிரி ஒரு குண்டு.
தண்ணீரைத் தொட்டதும் அடியிலிருந்து
"களுக்" என்று ஒரு சத்தம்,
யாரோ ஒரு வாய் விழுங்கியது போல.
நட்ட வருஷத்துக்கு இப்போது
ஒரு முழம் இறங்கியிருந்தது.
போன வாரம் கோடைமழை கொட்டியது.
நாலு விரல் ஏறிவிட்டது, என்றார்,
நாடாவைச் சட்டையில் துடைத்தபடி.
எழுதிக்கொள்.
எழுதிக்கொண்டேன்.